ஞாயிற்றுக்கிழமைக் குரல்

மியோரி கண்ணு,

நேற்றும் நான் உனக்குக் கொண்டுவந்த ஆரஞ்சுப் பழப் பையை வார்டு வாசலிலேயே நர்ஸ் திருப்பிக் கொடுத்துவிட்டாள். "உங்க பொண்ணு யாரையும் பாக்க மாட்டேங்கறாங்கம்மா. ஆனா ஞாயித்துக்கிழமை டிவியில உங்க அனிமே கார்ட்டூன் வந்தா மட்டும் சவுண்டைக் கூட்டச் சொல்றாங்க."

அதில் நான் குரல் கொடுக்கும் பத்து வயதுப் பையனுக்கு இந்த வாரம் ஒரு வசனம். "அம்மா, நான் வீட்டுக்கு வந்துட்டேன்." மைக் முன்னால் அதைச் சொல்லும்போது என் குரல் உடைந்துபோனது.

"அக்கா, பையன் ஸ்கூல் விட்டுத்தானே வர்றான், எதுக்கு அழுவுறான்?" என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து இயக்குநர் இவாசே கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். திரும்பத் திரும்ப எடுத்து, கடைசியில் துள்ளலாகச் சொல்லிவிட்டேன்.

ஞாயிறன்று உனக்குக் கேட்கப்போவது அந்தத் துள்ளல்தான். வாசலில் ஷூவைக் கழற்றிக்கொண்டே நீ என்னிடம் சொல்ல வேண்டியதை, நான் உனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அம்மா