வரிசையில் முதல் ஆள் யார்

என் செல்ல மகளுக்கு அம்மா ஆசையோட எழுதுறது. அப்பாவுக்கும் எனக்கும் உடம்பு நல்லாத்தான் இருக்கு, மனசுதான் ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது. நீயும் மாப்பிள்ளையும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்கு மூடிக்கிட்டு, சண்டை போடாம இருக்கீங்கன்னு நம்புறேன். போன்ல சொன்னா அழுதுடுவேன், நீ பதறிடுவ, அதான் எழுதுறேன்.

நம்ம கிளினிக்குல பஸ் டிரைவர் மயங்கி விழுந்ததை அப்பா உன்கிட்ட மேலோட்டமாத்தான் சொல்லியிருப்பார். அன்னைக்கு எள்ளு போட்டா எள்ளு விழாத கூட்டம். பாதிப் பேர் எப்பவும் போடுற பிரஷர் மாத்திரையையே திரும்ப எழுதி வாங்க வந்தவங்க. உள்ள அப்பா ஒரு காதுல போனை வச்சுக்கிட்டே சீட்டு எழுதுறார், வெளியில நான் டோக்கன் கொடுக்கிறேன். அந்த டிரைவர் நெஞ்சைத் தடவிக்கிட்டே, எனக்கு ஒண்ணும் அவசரமில்லம்மா, குழந்தை வச்சிருக்கவங்க முதல்ல போகட்டும்னு தன்னோட டோக்கனை ஒரு அம்மாகிட்ட மாத்திக் கொடுத்துட்டு ஓரமா உட்கார்ந்தார். எவ்வளவு தங்கமான மனுஷன்னு நினைச்சேன் பாரு, அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தோணல. கொஞ்ச நேரத்துல தொப்புன்னு ஒரு சத்தம். அப்பா ஓடி வந்து தரையிலேயே நெஞ்சை அமுக்கி, ஆம்புலன்ஸ் வந்து, கடவுள் புண்ணியத்துல ஆள் பிழைச்சுட்டார். விழுந்தவர் எழுந்துட்டார், அப்பாதான் எழுந்திருக்கல. சளின்னு வந்தவங்களுக்கும் நெஞ்சுல ரெண்டு தடவை ஸ்டெதஸ்கோப்பை வச்சுக் கேட்கிறார், கொடுத்த சீட்டைத் திரும்ப வாங்கிப் படிக்கிறார். இவர் பயத்துல மெதுவாக ஆக, வரிசை தெருவுக்கே வந்துடுச்சு. அந்த வரிசையில இன்னொருத்தர் விழுந்துடுவாரோன்னு நான் நிமிஷத்துக்கு ஒரு தடவை எட்டி எட்டிப் பார்த்தேன்.

அப்பத்தான் நீ அனுப்பின உன் சிநேகிதி வந்தா, டாக்டருங்க கிளினிக்குல கூட்டம் தேங்காம வேலையைச் சீராக்கிக் கொடுக்கிறவ. நோயாளி என்ன மாவு மூட்டையா, ஒண்ணு பின்னால ஒண்ணா தள்ளிவிடன்னு அப்பா முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டார். அவ மூலையில ஒரு ஸ்டூலைப் போட்டு நாள் முழுக்கப் பார்த்துட்டு, அங்கிள், நீங்க நிதானமா பார்க்கிறது தப்பே இல்ல, உங்க நேரத்தை நோயாளி தின்னல, போனும் பழைய மாத்திரைச் சீட்டும்தான் தின்னுதுன்னா. மாத்திரைக்காரங்களை மத்தியானம் தனியா வரச் சொல்லிட்டா, போனை நர்ஸ்கிட்ட கொடுத்துட்டா. வாசல்ல ஒருத்தர் நின்னு வர்றவங்க எல்லார்கிட்டயும் என்ன செய்யுதுன்னு கேட்கணும், நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், நினைவு தடுமாற்றம்னா டோக்கன் பார்க்காம உள்ள விடணும்னா. அந்த ஒருத்தர் யார்னு நினைக்கிற, நான்தான்! எனக்கு என்னடி தெரியும்னேன். நோயைக் கண்டுபிடிக்க வேண்டாம் ஆன்ட்டி, பயம் வந்தா உள்ள அனுப்புங்க, அது போதும்னா. பயத்துக்கா எனக்குப் பஞ்சம்?

முதல் நாளே நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு வந்த மளிகைக்கடைக்காரரை அலறியடிச்சு உள்ள தள்ளினேன். பார்த்தா வெறும் வாயு. வரிசையே சிரிச்சுது, ஒருத்தர் எனக்கும் ஏப்பம் வருதும்மான்னு முன்னால வந்துட்டார். வெட்கம் பிடுங்கித் தின்னுச்சு. மறுநாள் கடைசி ஆளா ஒரு பொண்ணு தோள்ல குழந்தையோட நின்னா. என்னம்மான்னு கேட்டா, லேசா சளி, இப்பத்தான் அழுகையை நிறுத்தித் தூங்குறான்னா. எனக்கு அந்தத் தூக்கம் பிடிக்கல. ஆனா முதல் நாள் பட்ட அவமானம் காலைக் கட்டுது, மறுபடி சிரிப்பாங்களேன்னு. குழந்தையோட சட்டையைத் தூக்கிப் பார்த்தேன், ஒவ்வொரு மூச்சுக்கும் விலா உள்ள இழுக்குது, உதடு நீலம் பாய்ஞ்சிருக்கு. அப்படியே பிடுங்கிக்கிட்டு உள்ள ஓடினேன். அப்பா பார்த்தவுடனே ஆக்ஸிஜன் வச்சு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். நேத்து அந்தப் பொண்ணு போன் பண்ணினா, குழந்தை பால் குடிக்குதாம்.

அன்னைக்கு எல்லாரும் கைதட்டினாங்கதான். ஆனா அப்பா கதவைச் சாத்திட்டு என் பக்கத்துல வந்து உட்கார்ந்து, இத்தனை வருஷத்துல இந்தக் கதவுக்கு வெளியில எத்தனை பேர் இப்படிச் சத்தமில்லாம உட்கார்ந்திருந்தாங்களோன்னார்.

நீ பயப்படாத, நாங்க பயந்துக்கிறோம். மாப்பிள்ளைக்கு இருமல் நிக்கலன்னு சொன்னியே, உடனே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ, நாளைக்குப் பார்க்கலாம்னு சொல்ல விடாத. அப்பாகிட்ட பேசும்போது இதெல்லாம் நான் எழுதினதா காட்டிக்காத. நல்லா இருங்க, நோய்நொடி இல்லாம நூறு வயசு இருங்க. காலையில வாசலைத் திறக்கும்போது எனக்கு இன்னும் கை நடுங்குது. அப்பாகிட்ட சொன்னா, நடுங்கட்டும், என்னைக்கு நடுக்கம் நிக்குதோ அன்னைக்கு வேற ஆளைப் போட்டுடுவேன்கிறார்.

உன் நினைப்பாவே இருக்கிற,
அம்மா