கேம்பருக்குப் புதுக் கொன்வேட்டர்

ஸ்கீவ,
ஞாயிறு பின்னேரம்

அன்புள்ள மகன் டெனிஸ்ரனுக்கு,

மாதாவின் துணையால் நானும் என் முழங்காலும் சுகம், முழங்கால் மட்டும் அதை ஒத்துக்கொள்ளாது. உன் சுகத்தை நீ போனில் கட்டைவிரல் படம் போட்டே சொல்லுகிறபடியால் எனக்கு அவ்வளவுதான் தெரியும், நன்றாய்ச் சாப்பிடுகிறாய் என்று நானே நினைத்துக்கொள்கிறேன்.

ஈஸ்டருக்கு ஒரு இரவு வந்து நின்றபோது அப்பாவின் பழைய கேம்பருக்குள், கட்டிலும் அடுப்பும் வைத்த அந்த வானுக்குள், தலையை விட்டுப் பார்த்துவிட்டு, "இந்தக் கொன்வேட்டரை மாத்தாமல் இதிலை நோர்வேக்கு வெளிக்கிடாதேங்கோ அம்மா" என்று முதலில் டெனிஷிலும் பிறகு தமிழிலும் சொன்னாய், இரண்டு பாஷையில் சொன்னபடியால் பெரிய விஷயம் என்று விளங்கிக்கொண்டேன். மாற்றியாகிவிட்டது ராசா. சுவர்க் கரண்டைக் குறைத்து விளக்குக்கும் பற்றறிக்கும் கொடுக்கிற அந்தப் பெட்டி உன்னைவிட மூத்தது, பற்றறி நிறைந்த பிறகும் விடாமல் ஊட்டி ஊட்டி அதைக் கொதிக்க வைத்து அழுகின முட்டை மணம் கிளப்பிக்கொண்டு இருந்திருக்கிறது. அம்மாவின் குணம் என்று நீ சிரிப்பாய், சிரி.

பூட்டித் தந்தது குலேந்திரன் அண்ணை, அப்பாவோடு தொழிற்சாலையில் நின்றவர். "அரை மணித்தியால வேலை தங்கச்சி" என்று காலையில் கேம்பர்க் கட்டிலுக்குக் கீழே படுத்தவர் பின்னேரம்தான் எழும்பினார். சிவப்பு வயரையும் கறுப்பு வயரையும் மாறிப் பூட்டி ஃபியூஸ் டப்பென்று போக, "நீங்கள் பக்கத்திலை நிண்டு கதைச்சதாலைதான்" என்று பழியை என்னில் போட்டார். "நான் வாயைத்தானே வைச்சனான், கை வைச்சது நீங்கள் அண்ணை" என்றேன். பிறகு வேறு ஃபியூஸ் போட்டு, நான் சிலுவை அடையாளம் போட, எல்லா விளக்கும் வெள்ளையாய்ப் பற்றியது. புதுப் பெட்டி பழையதில் பாதி, மூச்சு விடுகிற சத்தம்கூட இல்லை. பழையது எந்நேரமும் முரலும், அது இல்லாமல் இப்போது ஒரு மாதிரித்தான் இருக்கிறது.

இந்த நாட்களில் இரவுச் சாப்பாட்டைக் கோப்பையில் போட்டுக்கொண்டு கேம்பருக்குள் போய்விடுவேன். வீட்டு மேசைக்கு நாலு கதிரை, இங்கே இரண்டுதான், வெறுங் கதிரை ஒன்றைத்தான் பார்க்க வேண்டும். இதை வேலையிடத்தில் சொன்னேன், பகிடி என்று எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

யூலையில் எனக்கு மூன்று கிழமை லீவு. ஹிர்த்ஸால்ஸ் துறைமுகம் வரைக்கும் நானே ஓட்டுவேன், பிறகு கப்பல் நீ இருக்கிற பேர்கனில் கொண்டுவந்து விடும். கப்பலுக்கு இன்னும் பதியவில்லை. நீ என்னை வெளிக்கிட வேண்டாம் என்றதற்குக் கொன்வேட்டர்தான் காரணம் என்றால் அது முடிந்தது, வேறு ஏதும் என்றால் அதையும் சொல்லு, ஆனால் அதைத் திருத்தக் குலேந்திரன் அண்ணையால் ஏலாது. உனக்கு வேலை கூட என்று தெரியும், வீடு சின்னது என்றும் தெரியும். நான் உள்ளே படுக்க வரவில்லை. றோட்டோரம் நிற்பேன், கறி வைத்தால் கூப்பிடுவேன், வராவிட்டாலும் கோபிக்கமாட்டேன்.

மாதா உன்னை எப்போதும் தன் கைக்குள் வைத்திருக்கட்டும். மழைக்குள் தொப்பி இல்லாமல் திரியாதே. மறக்காமல் ஒன்று செய், உன் ஜன்னலிலிருந்து றோட்டுக்கு எவ்வளவு தூரம் என்று அளந்து எழுது. என்னிடம் நீளமான வயர் இருக்கிறது, ஒரு முனையை நீ உள்ளே செருகினால் போதும்.

உன் அன்பு அம்மா
பற்றிமா