வண்டி இழுத்த மாணவர்கள்

பிரெஸ்லாவ், மார்ச் 1843

அன்புள்ள ரொசாலியா,

உன் இருமல் குறைந்ததா? நான் நலம். இந்த ஊர் மாணவர்கள் கூடி, எங்கள் பியானோ மேதை வால்ட்னருக்காக நான் ஓட்டும் வண்டியைக் குதிரைகள் இழுப்பது கலைக்கே அவமானம் என்று ஏகமனதாகத் தீர்மானித்திருக்கிறார்கள்.

தீர்மானம் எங்கே பிறந்தது என்பதில்தான் எனக்குச் சந்தேகம். கச்சேரிக்கு முன்பே அவருடைய காரியதரிசி ஹார்ட்விக் என்னிடம் வந்து, "யோவ் இக்னாஸ், குதிரை வாரையெல்லாம் தளர்த்தி வை. பசங்க தன்னால உணர்ச்சிவசப்பட்டு அவுக்கணும்ல?" என்றார்.

"அப்புறம் என் குதிரைங்கள யாருய்யா பாத்துக்குவாங்க?"

"ஊரே அவரு வாசிப்புல மயங்கப் போகுது, உனக்குக் குதிரைக் கவலை!"

கச்சேரி முடிந்ததும் நாற்பது பேர் வண்டியை விடுதிவரை இழுத்தார்கள். மேலே உட்கார்ந்திருந்த நான், பழக்கதோஷத்தில் இரண்டு முறை சாட்டையை எடுத்துவிட்டேன். திரும்பிப் போய்ப் பார்த்தால் நம் குதிரைகள் இரண்டையும் காணோம். கவலைப்படாதே, எங்காவது மேய்ந்துகொண்டிருக்கும். ஆனாலும் அவற்றை வாங்கிய பத்திரத்தை அனுப்பு; காவலர்கள் கேட்கிறார்கள். நீ பின்னிய கம்பளிக் காலுறையும் வை. லாயத்தில் தனியாகப் படுத்தால் குளிர்கிறது.

அவசரமாக முடிக்கிறேன், தபால் வண்டி கிளம்புகிறது. வால்ட்னர் அதில்தான் அடுத்த ஊருக்குப் போகிறார்.

உன்
இக்னாஸ்