இன்ஜின் சத்தத்தில் ஒரு குரல்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் நலம். உங்கள் முழங்கால் வலியும் அம்மாவின் மூச்சிரைப்பும் எப்படி இருக்கின்றன?

பழைய வண்டிக்குப் பதிலாக நீங்கள் பார்த்து, போனில் பதிவு செய்து அனுப்பிய இரண்டு கார்களின் இன்ஜின் சத்தத்தையும் கேட்டேன். சிவப்புக் கார் பளபளப்புதான். ஆனால் சின்ன இன்ஜினைப் பிழிந்து வேலை வாங்கும் ரகம், ஐந்து வருஷத்தில் கையைக் கடிக்கும். சாம்பல் கார் எட்டு வருஷம் ஓடியிருந்தாலும் இன்னும் பதினைந்து வருஷம் தாங்கும். ஆறிக் கிடந்த இன்ஜின் ஒரே சாவியில் பிடித்துக்கொண்டது.

சாம்பல் காரின் பதிவை இங்கே எங்கள் ஒர்க்‌ஷாப் ஃபோர்மேனுக்கும் போட்டுக் காட்டினேன். "இன்ஜின் கல்லு மாதிரி இருக்கு. ஆனா நீ ஊர்ல இருந்தப்ப எடுத்ததை எதுக்கு இப்பக் காட்டுற?" என்றார். மறுபடி கேட்டேன். நாற்பதாவது நொடியில், "போதும்ப்பா, ஆஃப் பண்ணிடுங்க" என்கிறது ஒரு குரல். என் குரலேதான். நான் கடைசியாக ஊருக்கு வந்தே மூன்று வருஷமாகிறது.

கார் விற்பவரின் குரல் என்னுடையது மாதிரி இருக்கலாம். பயப்பட ஒன்றுமில்லை, சிரித்துக்கொண்டேதான் எழுதுகிறேன். ஆனால் அவர் டீ குடிக்கப் போயிருந்தார், காரில் நீங்கள் மட்டும்தான் இருந்தீர்கள் என்று எழுதியிருக்கிறீர்களே. அந்தக் குரல் சொன்னதும் மறுபேச்சில்லாமல் இன்ஜினை அணைத்தும் விட்டீர்கள்.

சாம்பல் காரையே எடுங்கள். நான் லீவில் வருவதற்குள் என் மெத்தையை வெயிலில் போட்டு வையுங்கள். ஷிப்ட் வேன் ஹாரன் அடிக்கிறது. ஒன்றே ஒன்று: வண்டியை வீட்டுக்கு ஓட்டி வரும்போது அம்மாவைப் பக்கத்து சீட்டில் உட்கார வையுங்கள். காலியாக விடாதீர்கள். அது நான் உட்காரும் இடம்.

உங்கள் மகன்