தண்ணீர் குடிக்காத வண்டி

ஜூன் 3, செவ்வாய்

விடிந்ததிலிருந்து தூறல். மனைவி லெட்சுமியின் முப்பதாம் நாள் காரியம் நேற்று முடிந்தது. உறவுக்காரர்கள் எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். செய்ய வேண்டியது: கோயில் அண்டா திருப்பிக் கொடுக்க, குடை தைக்க, காரை ஓட்டிப் பார்க்க.

அவள் போனபின் இன்றுதான் காரை எடுத்தேன். அப்பாவுக்குத் தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை விட்டுப்போன வண்டி, என்னைவிட வயது கூட. டிக்கோயா தாண்டி ஏற்றத்தில் கொதித்துவிட்டது. ரேடியேட்டர் மூடி வழியே ஆவி. ஓரமாக நிறுத்திப் பார்த்துக்கொண்டே நின்றேன். கோபம்கூட வரவில்லை.

பஸ்ஸிலிருந்து ஒருவன்: "என்னாங்க, தேத்தண்ணி போடுறீங்களா?"

ஜூன் 4, புதன்

மூடுபனி. சோறு குழைந்துவிட்டது. தின்றேன்.

கராஜ் சிவா வந்து பார்த்தான். இந்த எஞ்சினுக்குத் தண்ணீர் பம்ப் கிடையாது. சூடேறிய தண்ணீர் தானாகவே மேல் குழாய் வழியாக ரேடியேட்டருக்கு ஏறும். அங்கே காற்றில் ஆறி, கனத்து, கீழ்க் குழாய் வழியாக எஞ்சினுக்குத் திரும்பும். மேல் குழாயின் வாய்க்குக் கீழே தண்ணீர் மட்டம் இறங்கினால் சுற்று நின்றுபோகும் என்று விளக்கினான். எனக்குத் தெரியாததா இது.

"தண்ணி கொறஞ்சிருக்குண்ணே. ரேடியேட்டர் அடித்திருகு கசியுது, பழைய கசிவு. கடைசியா எப்ப ஊத்துனீங்க?"

"என் வண்டி தண்ணியே குடிக்காதுடா."

இருபது வருடமாகச் சொல்வது. சிவா சிரிக்கவில்லை. துக்க வீடாயிற்றே.

விற்றுவிடலாம். நுவரெலியாவில் பழைய கார் வாங்குகிறவருக்கு போன். சனிக்கிழமை வருகிறாராம். சரி என்றேன். எல்லாவற்றுக்கும் சரிதான் சொல்கிறேன் இப்போது.

ஜூன் 5, வியாழன்

வெயில். துணி காயப்போட்டேன். பக்கத்துக் காம்பரா வீட்டு மல்லிகா ரொட்டி கொண்டுவந்தாள். கார் கொதிக்கிறது, விற்கப்போகிறேன் என்றேன்.

"அண்ணிதான தெனமும் பீலியில தண்ணி புடிச்சிட்டு வந்து மொத சொம்ப வண்டிக்கு ஊத்துவாங்க. நீங்க ஊத்தலையாண்ணே?"

எனக்குத் தெரியாது என்றேன்.

"நீங்க எந்திரிக்க முன்னாடியே ஊத்திருவாங்க. 'அவருகிட்ட சொல்லிறாத, வண்டி தண்ணி குடிக்காதுன்னு ஊரெல்லாம் பீத்திக்கிறாரு'ன்னு சிரிப்பாங்க."

ரொட்டியைப் பிட்டு வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். மல்லிகா எப்போது போனாள் என்று தெரியவில்லை.

ஜூன் 6, வெள்ளி

குளிர். மலை ஊற்றுத் தண்ணீர் விழும் பீலியில் பெண்கள் வழிவிட்டார்கள். ரேடியேட்டர் நிறைய ஐந்து சொம்பு பிடித்தது. அதே ஏற்றம். கொதிக்கவில்லை. மேட்டில் நிறுத்திக் குழாய்களைத் தொட்டுப் பார்த்தேன். மேல் குழாய் சுட்டது, கீழ்க் குழாய் வெதுவெதுப்பு. சுற்று சரியாக ஓடுகிறது. அங்கேயே அழுதேன். அவள் போனபின் முதல் தடவை.

வாங்குகிறவருக்கு போன் போட்டு வரவேண்டாம் என்றேன்.

மாலை சிவா, புதுத் திருகோடு. "அஞ்சு நிமிசம்ணே, கசிவு நின்னுரும்."

வேண்டாம் என்றுவிட்டேன். காலையில் எப்படியும் பீலிக்குப் போகத்தானே வேண்டும்.