சந்தனம் பூசிய வடிகுழாய்கள்

என் செல்லத் தம்பி சேகர்,

நீ கண்மூடிய பிறகு வந்த முதல் ஆயுத பூஜை முடிந்துவிட்டது. நம் மலையூர் தானா ராத்தாவில் விடாத மழை. என் வீட்டுச் சுவரெல்லாம் ஈரம். அங்கே உனக்குக் குளிரெல்லாம் இல்லைதானே?

தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரங்களைக் கழுவிய பழுப்புத் தண்ணீர் நேரே ஓடைக்குப் போகிறதே என்று எத்தனை நாள் புலம்பினாய்! பிறகு களிமண்ணோடு தேயிலைத் தூசியைப் பிசைந்து, குழாய்களாக உருட்டிச் சூளையில் சுட்டு வந்தாய். "தூசி எரிஞ்சு போயிடும்க்கா. அது இருந்த எடமெல்லாம் ஓட்டையாயிடும்" என்றாய். ஆப்பத்தில் ஓட்டை விழுகிற மாதிரியா என்று கேட்டேன். "அதேதான். ஆனா கண்ணுக்குத் தெரியாத ஓட்டை லா!" என்று சிரித்தாய். அழுக்குத் தண்ணீர் குழாய்க்குள் ஓடும். தெளிந்தது மட்டும் சுவர் வழியே வெளியே கசியும். எனக்கே புரிந்துவிட்டது, பார்.

நீ போன பின் உன் மனைவி ராணிதான் அந்தக் குழாய்த் தொட்டியைப் பார்த்துக்கொள்கிறாள். பூஜைக்கு மறுநாள் காலையில் குழாய்களிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வரவில்லை. தொட்டி நிரம்பி வழிந்தது. அன்று நானும் அங்கே இருந்தேன். மூடியைத் திறந்தால் எல்லாக் குழாய்களும் மஞ்சளாக மின்னின. அடுப்பு வேலை பார்க்கும் மாரியப்பன் அண்ணன், மேலிருந்து கீழ்வரை சந்தனம் பூசி, விபூதிப் பட்டையும் போட்டிருந்தார்!

"யாருண்ணே ஒங்கள இதுக்குப் பூசச் சொன்னா?" என்று ராணி கத்தினாள்.

"எல்லா மிசினுக்கும் வெச்சேன். சேகரு செஞ்சத மட்டும் விட்டா அவன் கோவிச்சுக்க மாட்டானா லா?"

அதற்குமேல் அவள் எப்படித் திட்டுவாள், சொல்.

தொழிற்சாலையை நடத்தும் துரை வந்து பார்த்தார். "என்னம்மா இது, ஃபேக்டரியா கோயிலா? திங்கக்கெழம வரைக்கும் பாப்பேன். ஓடலன்னா கழட்டி ஸ்டோர்ல போட்டுருங்க." கழற்றினால் பழையபடி பழுப்புத் தண்ணீர் தொழிலாளர் லைன் வீடுகளைத் தாண்டி ஓடும். ராணிக்கு இன்னொரு பயமும் இருந்தது. நீ கையால் செய்தவற்றில் அவளிடம் மிச்சமிருப்பது அந்தக் குழாய்கள்தானே?

கழுவியதில் விபூதி போனது, ஓட்டைகளை அடைத்த சந்தனம் போகவில்லை. மாரியப்பன் அண்ணன் தேங்காய் நாரை எடுத்தார். "ஐயோ, தேய்க்காதீங்க! மேல் தோலு போயிடும்" என்று ராணி பிடுங்கினாள். "இது நெருப்புல வெந்த மண்ணுதானே. மறுபடியும் சுடலாமே?"

இலை காயவைக்கும் விறகு அடுப்பின் மேல் வைத்து முதலில் மெல்லச் சூடாக்கினார்கள். பிறகு தணலுக்குள் தள்ளி மூடினார்கள். தானாக ஆறும்வரை கதவைத் திறக்க மாரியப்பன் அண்ணன் யாரையும் விடவில்லை. துரை கேட்டபோதுகூட, "புள்ளத்தாச்சி மாதிரி துரை, அவசரப்படுத்தக் கூடாது" என்றார்.

ஒரு குழாய் வெடித்திருந்தது. மற்றவை சந்தனம் இல்லாமல் வெளுப்பாக வந்தன.

திங்கட்கிழமை தண்ணீர் கசிந்தது. துரை கண்ணாடித் தம்ளரில் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தார். "கலர் இன்னும் கொஞ்சம் இருக்கே?"

"தூசி போயிருச்சு துரை. கலருக்கு வேற வழி பாக்கணும்" என்றாள் ராணி. பொய் சொல்லவில்லை அவள்.

அவர் தம்ளரைக் கீழே வைத்தார். பிறகு, "இருக்கட்டும். ஒடஞ்சதுக்குப் பதிலா ஒண்ணு செஞ்சு போட்டுருங்க" என்றார்.

சந்தோஷம்தான். ஆனால் யார் செய்வது? மண்ணுக்குத் தூசி எவ்வளவு சேர்ப்பாய் என்று யாரிடமும் சொல்லவில்லையே நீ. ஒரு கைப்பிடியா? ஒரு கிண்ணமா?

சனிக்கிழமை நானும் ராணியும் பிசையப் போகிறோம். கோணலாகத்தான் வரும், வெடித்தாலும் வெடிக்கும். வெடித்தால் மறுபடி பிசைவோம். உன் தொட்டியில் ஓர் இடம் காலியாக இருக்க விடமாட்டேன், தம்பி. இது என் வாக்கு.

என்றும் உன்
பெரியக்கா சரசு