உன் வண்டி மணலில் ஓடியது, அண்ணி

கிரீஸ் போகாத கையோடு எழுதுகிறேன், என் அருமை எஸ்தர் அண்ணி.

முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன். வண்டி ஓடியது. போன ஞாயிற்றுக்கிழமை, மாமல்லபுரத்துக்குத் தெற்கே, சவுக்குத் தோப்பை ஒட்டிய அந்த மணல்வெளியில் நடந்த பழைய கார் வேகப் போட்டியில். நான்தான் ஓட்டினேன்.

ஐப்பசியில் நீ எங்களை விட்டுப் போனபோது வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒரே பேச்சுதான் பேசினார்கள். "இதய ஆபரேஷன் ஆன பொம்பள வூட்ல படுக்காம ஷெட்டுல பழைய காரை நோண்டிக்கினு இருந்தா இன்னா ஆவும்?" உன்னைப் பார்த்த டாக்டரிடம் நானே போய்க் கேட்டேன். வால்வு மறுபடி கெட்டுவிட்டது, வேலைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்றார். வந்து சொன்னேன். யாரும் காதில் வாங்கவில்லை. பழி போட ஒரு பொருள் கண்ணெதிரே நிற்கும்போது டாக்டர் பேச்சு யாருக்கு வேண்டும்?

அவர்களுக்கு அது உன் அப்பா டாக்ஸி ஓட்டிக் கைவிட்ட அம்பாசடர், அவ்வளவுதான். நமக்கு மூன்று வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள். மட்கார்டுகளைக் கழற்றி, கூரையை ஒரு சாண் வெட்டி இறக்கி, கண்டம் என்று ஒதுக்கிய ஜீப்பின் பெரிய இன்ஜினைத் தூக்கி வைத்தோம். வெளிநாட்டில் பழைய கார்களை இப்படி மாற்றி மணலில் விரட்டுவதை போனில் பார்த்துவிட்டு நீ கேட்டாயே: "எனக்கு வெல்டிங் தெரியும், உனக்கு ஸ்டீரிங் தெரியும், கடலோரம் மணல் கீது. வேற இன்னாடி வேணும்?" கேளம்பாக்கத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவளிடம் அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

முப்பதாம் நாள் ஜெபம் முடிந்த மறுநாளே அண்ணன் பழைய இரும்புக்காரரைக் கூட்டி வந்துவிட்டான். நான் ஷெட் கதவை மறித்து நின்றேன்.

"அது அவள முழுங்கிச்சு. இன்னும் வெச்சுக்கினு இன்னா பண்ணப் போற?"

"முடிக்கப் போறேன். பிரேக்கும் வயரிங்கும்தான் பாக்கி."

"நீயும் சாவணுமா?"

"தெனம் நான் ஓட்டுற ரோட்ல சாவறதுக்கு நெறைய வழி கீது. இதுல ஏறி சாவ மாட்டேன்."

அதோடு அவன் என்னிடம் பேசுவதை விட்டான். நானும் போய்ப் பேசவில்லை. உன் மேல்கூடக் கோபம் வந்தது, அண்ணி. பிரேக் குழாய் எப்படிப் போகும் என்று ஒரு தாளில் வரைந்து வைத்திருக்கக் கூடாதா? ஐந்து முறை தப்பாகப் போட்டேன். ஆறாவது முறை பிடித்தது.

போட்டியன்று காலை அண்ணன் தனியாக பஸ் ஏறி வந்து, பார்க்க வந்தவர்களுக்காகக் கட்டிய கயிற்றுக்கு வெளியே நின்றான். தடுக்க வந்தானா, பார்க்க வந்தானா, இன்றுவரை நான் கேட்கவில்லை. வண்டிகளைச் சோதித்தவர் என்னைத் தாண்டி அவனைப் பார்த்து, "டிரைவர் நீங்களா?" என்றார்.

"நான்தான் சார்."

"இது ஆட்டோ இல்லம்மா."

"தெரியும் சார். ஒரு சக்கரம் ஜாஸ்தி கீதே."

அவர் சிரிக்கவில்லை. வண்டி உருண்டால் ஆளைக் காக்க நீ கட்டிய இரும்புக் கூண்டுக்குள் தலையை விட்டார். ஒவ்வொரு வெல்டையும் விரலால் தடவிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "இது யார் கை வேலை?"

நான் வாய் திறப்பதற்குள் பின்னாலிருந்து அண்ணன் சொன்னான். "என் சம்சாரம்."

இரண்டு மாதம் கழித்து அவன் குரலை அப்போதுதான் கேட்டேன். அவர் கதவில் ஒட்ட வேண்டிய எண்ணை என்னிடம் கொடுத்தார்.

மழை பெய்து மணல் இறுகியிருந்தது. டயரில் காற்றைக் குறைத்துக்கொண்டு எடுத்தேன். வேகம் நூறைத் தாண்டியதும் பின்பக்கம் இடதுபுறமாக இழுத்தது. பயந்து ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்திருந்தால் சுழன்றிருக்கும். எடுக்கவில்லை. ஸ்டீரிங்கை லேசாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டு மிதித்தேன். கடைசிக் கொடியைத் தாண்டியபோது நூற்று இருபத்தேழு. ஒன்பது வண்டிகளில் ஐந்தாவது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. முன்னால் வந்த நான்கும் காசு கொடுத்து ஆள் வைத்துக் கட்டிய வண்டிகள்.

சான்றிதழில் என் பெயர் மட்டும் இருந்தது. மேசையில் எழுதிக்கொண்டிருந்தவரிடம் திருப்பிக் கொடுத்தேன். "வண்டி கட்டின எங்க அண்ணி பேரும் போடுங்க சார். ஐப்பசில தவறிட்டாங்க."

"இறந்துபோனவங்க பேரை எப்படிம்மா போடுறது?"

"வண்டி ஓடிச்சே சார்."

நான் நகரவில்லை. கடைசியில் பேனாவைத் திறந்து என் பெயருக்கு மேலே உன் பெயரை எழுதினார்.

திரும்பும்போது திருக்கழுக்குன்றத்தில் டீக்கு நிறுத்தினோம். அண்ணன் டீயைத் தொடவில்லை. வண்டிக்குள் ஏறி, கூண்டின் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதான். நீ போன அன்றுகூட அவன் அழவில்லை, தெரியுமா? இறங்கி வந்து, "பின்னால பாரம் பத்தல, அதான் இழுக்குது" என்றான்.

அடுத்த தை மாதம் மறுபடி போகிறோம், அண்ணி. இழுப்பைச் சரி செய்து நூற்றைம்பதைத் தொடுவேன். இது நான் உனக்குக் கொடுக்கும் வாக்கு. ஊர் என்ன வேண்டுமானாலும் பேசிக்கொள்ளட்டும்.

உன் நாத்தனார்,
செல்வி